கொரட்டூரின் முதல் எழுத்து: கட்டுமானக் கருவியும் செருகுநிரலும்

சென்னையிலிருந்து ஆவடி நோக்கிச் செல்லும் புறநகர் இரயில் தடத்தில், வில்லிவாக்கத்துக்கும் பட்டரவாக்கத்துக்கும் இடையில் உள்ள கொரட்டூர் நிலையத்தின் பெயர் கணினிக்குள் இரண்டு வெவ்வேறு எண்தொடர்களாகச் சேமிக்கப்படக்கூடும். திரையில் அவ்விரண்டும் ஒரே வடிவில் தோன்றுவதால் படிப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை. எழுத்துகளை எண்களாக மட்டுமே ஒப்பிடும் நிரலுக்கோ அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்கள். ஒரு வலைச்செயலியின் தரவுக் கோப்பில் ஒரு தொடரும், பயனர் தேடல் கட்டத்தில் இடும் பெயரில் மற்றொரு தொடரும் அமைந்துவிட்டால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் ஊர் தேடலில் கிடைக்காமல் போகும். இந்தச் சிறு சிக்கலைத் தீர்க்கும் செருகுநிரல் ஒன்றைப் படிப்படியாக அமைத்துப் பார்ப்பதன் வழியாக, இன்றைய வலைச்செயலிகளை உருவாக்கும் கட்டுமானக் கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

ஒரே எழுத்து, இரண்டு எண்தொடர்கள்

உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் பொதுத் தரமே யூனிகோடு, அதாவது ஒருங்குறி. அவ்வாறு ஒதுக்கப்படும் எண் குறியெண் எனப்படும். தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்கள் இல்லாமல், மெய்யின் அகரமேறிய வடிவுக்கு ஓர் எண்ணும், அதனோடு சேரும் கொம்பு, கால் முதலிய குறிகளுக்கு வேறு எண்களும் தரப்பட்டிருப்பதால், 'ஆவடி' என்ற மூன்றெழுத்துச் சொல் ஆ, வ, ட, இகரக் குறி என நான்கு குறியெண்களாகப் பதிவாகிறது. இணையத்தில் பெருவழக்காக உள்ள யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடத்தை எடுத்துக்கொள்வதால், அச்சொல்லின் அளவு 12 பைட்டு.

சிக்கல் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில்தான் தோன்றுகிறது. 'கொ' என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் நிற்கின்றன. ஒருங்குறி இவ்விரண்டையும் சேர்த்து 3018 என்ற ஒரே குறியெண்ணாகத் தருவதோடு, ஒற்றைக்கொம்புக்குரிய 3014-ஐயும் காலுக்குரிய 3006-ஐயும் அடுத்தடுத்து எழுதினாலும் அதே எழுத்து என்று ஏற்றுக்கொள்கிறது. எனவே 'கொரட்டூர்' முதல் முறையில் 9 குறியெண்களாகவும் 27 பைட்டுகளாகவும், இரண்டாம் முறையில் 10 குறியெண்களாகவும் 30 பைட்டுகளாகவும் அமைகிறது. ஓகாரத்திலும் இதே இரட்டை வழி இருப்பதால், போரூர், கோயம்பேடு ஆகிய பெயர்களும் இந்தச் சிக்கலுக்கு உட்பட்டவை. அம்பத்தூர், பூந்தமல்லி, திருமுல்லைவாயில் ஆகியவற்றில் இக்குறிகள் இல்லாததால் அவை தப்பிவிடுகின்றன.

இரண்டு தொடர்களும் புழக்கத்தில் இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் ஆகிய குறியாக்கங்களும் தரப்படுத்தப்பட்டன. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. பழைய குறியாக்கங்களில் கொம்பும் காலும் அச்சுக்கோப்பில் இருப்பதுபோலத் தனித்தனித் துண்டுகளாகவே வைக்கப்பட்டிருந்ததால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் துண்டுக்குத் துண்டு மாற்றியிருந்தால் கொம்பும் காலும் பிரிந்தே தங்கிவிடும். இவ்வாறு பிரிந்து கிடப்பவற்றைச் சேர்த்து ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறையை ஒருங்குறித் தரமே வகுத்துள்ளது. என்எஃப்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அம்முறையைத் தமிழில் சேர்ப்பு இயல்பாக்கம் எனலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015-இல் சேர்க்கப்பட்ட 'நார்மலைஸ்' என்னும் செயற்கூறு இதை ஒரே கட்டளையில் செய்து முடிக்கிறது.

அக்கட்டளையை எங்கே, எப்போது இயக்குவது என்பதே அடுத்த கேள்வி. செயலியைத் திறக்கும் ஒவ்வொரு கைப்பேசியும் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் இயல்பாக்க வேண்டியதில்லை. செயலியை உருவாக்கும் கணினியிலேயே ஒருமுறை செய்துவிட்டால், பிழையற்ற தரவே எல்லாருக்கும் போய்ச் சேரும். அந்த ஒருமுறை வேலைக்கு உரிய இடம் கட்டுமானக் கருவி.

பட்டறையும் கட்டுமானக் கருவியும்

நிரலாளர் எழுதும் மூலக்கோப்புகளை உலாவிக்கு ஏற்ற இறுதிக் கோப்புகளாக மாற்றித் தருவதே கட்டுமானக் கருவி. அலுவலகப் பேச்சில் இவ்வேலை 'பில்டு' என்று வழங்கும். இதன் மூதாதை என்று சொல்லத்தக்க 'மேக்' என்னும் நிரலை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதினார். எந்தக் கோப்பு எதிலிருந்து பிறக்கிறது என்ற உறவை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், மாறிய கோப்பைச் சார்ந்தவற்றை மட்டும் அது புதுப்பித்துத் தரும். வலைச்செயலிகள் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாக எழுதப்படத் தொடங்கியபோது, அவற்றை ஒன்றிணைக்க 2011-இல் பிரவுசரிஃபை, 2012-இல் வெப்பேக், 2015-இல் ரோலப் ஆகியவை வந்தன. 2020-இல் இவான் யூ வெளியிட்ட 'வீட்', 'விரைவு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லைப் பெயராகக் கொண்டது. உருவாக்கும் வேளையில் அது கோப்புகளை ஒன்றுசேர்க்காமல், உலாவி கேட்கும் கோப்பை மட்டும் அந்த நொடியில் மாற்றிக் கொடுக்கிறது. வெளியிடும் வேளையில் எல்லாவற்றையும் இணைத்துச் சுருக்கிச் சில கோப்புகளாகக் கட்டித் தருகிறது. இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டு வீட் கருவியையே சார்ந்தது.

இத்தகைய கருவியை உருவாக்குபவர், உலகின் எந்தெந்த மொழிக்கு, எந்தெந்த வகைக் கோப்புக்கு அது பயன்படும் என்பதை முன்கூட்டி அறிய முடியாது. இதே நிலை இயந்திரத் தொழிலில் நெடுங்காலமாக உள்ளது என்பதையும், அதற்கு அங்கே கிடைத்த தீர்வையும் அம்பத்தூர் வட்டாரத்தில் நேரில் காணலாம். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் தோன்றியது. 1961-இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1960-களில் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உதிரி பாகங்களைச் செய்து தரும் சிறு பட்டறைகளால் நிறைந்தது. அத்தகைய பட்டறையில் உள்ள மில்லிங் இயந்திரத்தின் மேசையில், தலைகீழான 'டி' வடிவப் பள்ளங்கள் நீளவாட்டில் வெட்டப்பட்டிருக்கும். எந்தப் பாகம் அந்த மேசைமேல் ஏறும் என்பது இயந்திரத்தைச் செய்தவருக்குத் தெரியாது. பள்ளத்தின் அளவை மட்டும் அவர் உறுதி செய்து தருகிறார். பட்டறைக்காரர் தம் பாகத்துக்கேற்ற ஃபிக்ஸ்சர் ஒன்றைச் செய்து, அந்தப் பள்ளத்தில் போல்ட்டு கொடுத்து இறுக்கிவிடுகிறார். அதன்பின் ஆயிரம் பாகங்கள் வந்தாலும் ஒவ்வொன்றும் அதே இடத்தில், அதே கோணத்தில் உட்காரும். ஒவ்வொரு முறையும் அளந்து குறிக்க வேண்டிய தேவை இல்லை.

நிரலாளர்கள் 'பிளகின்' என்று அழைக்கும் செருகுநிரல், கட்டுமானக் கருவியில் பொருத்தப்படும் ஃபிக்ஸ்சர் ஆகும். மேசையின் பள்ளங்களுக்கு நிகராகக் கருவியில் இருப்பவை 'ஹுக்' எனப்படும் கொக்கிகள். தன் வேலையின் குறிப்பிட்ட கட்டங்களில் தான் நின்று, செருகுநிரலை அழைத்து, அதன் விடையைப் பெற்றுக்கொண்டு மேலே செல்வதாகக் கருவி அளிக்கும் உறுதிமொழியே கொக்கி.

கொக்கிகளும் அவற்றின் வரிசையும்

2021 பிப்ரவரியில் வந்த வீட் இரண்டாம் பதிப்பு, ரோலப் கருவியின் செருகுநிரல் முறையை அடிப்படையாக ஏற்று, தனக்கே உரிய சில கொக்கிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் மூன்று கொக்கிகளைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான செருகுநிரல்களின் போக்கு விளங்கிவிடும். ஒரு கோப்பு இன்னொரு கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது, அந்தப் பெயர் வட்டில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று தீர்மானிப்பது 'ரிசால்வ்ஐடி'. அங்கிருந்து உள்ளடக்கத்தை எடுத்து வருவது 'லோட்'. எடுத்து வந்த உள்ளடக்கத்தை மாற்றுவது 'டிரான்ஸ்ஃபார்ம்'.

முதல் இரண்டு கொக்கிகளில், வரிசையில் நிற்கும் செருகுநிரல்களுள் எது முதலில் விடை தருகிறதோ அதுவே முடிவு. மற்றவற்றிடம் கேள்வி போகாது. டிரான்ஸ்ஃபார்ம் கொக்கியில், ஒன்றன் விடை அடுத்ததன் கைக்கு மாறி, வரிசையின் கடைசி வரை செல்லும். எந்தக் கொக்கியிலும் செருகுநிரல் 'நல்' என்னும் வெற்று மதிப்பைத் திருப்பித் தந்தால், 'இது என் வேலை அன்று' என்று அது விலகிக்கொள்வதாகப் பொருள். கருவி அழைக்கும் நூறு கோப்புகளில் தொண்ணூற்றொன்பதை இவ்வாறு தொடாமல் விடுவதே நல்ல செருகுநிரலின் இலக்கணம். தனக்கு உரியதல்லாத கோப்பில் கை வைக்கும் செருகுநிரல், யாரும் எதிர்பாராத இடத்தில் பிழையை விதைத்துவிடும்.

அடுத்தது, செருகுநிரல் வரிசையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்வி. வீட் கருவிக்குள் உள்ளமைந்த செருகுநிரல்களும் உண்டு. தரவுகளை எழுதப் பரவலாகப் பயன்படும் ஜேசன் வடிவக் கோப்பை ஜாவாஸ்கிரிப்ட் கூறாக மாற்றுவது அவற்றுள் ஒன்று. 'என்ஃபோர்ஸ்' என்னும் பண்பில் 'ப்ரீ' என்று குறித்த செருகுநிரல் இந்த உள்ளமைந்தவற்றுக்கு முன்பும், எதுவும் குறிக்காதது அவற்றின் மையத் தொகுதிக்குப் பின்பும், 'போஸ்ட்' என்று குறித்தது இறுதிக் கட்டத்திலும் அழைக்கப்படும். தரவைத் திருத்த வந்த செருகுநிரலுக்கு ஜேசன் ஜேசனாகவே இருக்கும்போது கிடைக்க வேண்டும் என்பதால், அதன் இடம் 'ப்ரீ'. இதைக் குறிக்க மறந்தால், ஜாவாஸ்கிரிப்டாக ஏற்கெனவே உருமாறிய உரை அதன் கைக்கு வரும். அதை ஜேசன் என்று கருதிப் பிரிக்க முயலும்போது தொடரியல் பிழை எழுந்து கட்டுமானம் நின்றுவிடும்.

செருகுநிரலை அமைத்தல்

மேற்குப் புறநகரின் இரயில் நிலையங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் பட்டியலிட்டு, பெயரைத் தட்டினால் வடிகட்டிக் காட்டும் எளிய வலைச்செயலி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி ஆகிய நிலையங்களும், போரூர், குமணன்சாவடி, பூந்தமல்லி ஆகிய நிறுத்தங்களும் ஒரு ஜேசன் கோப்பில் உள்ளன. அக்கோப்பு, மூலநிரல் கோப்புறைக்குள் தரவுக்கென்று ஒதுக்கிய உட்கோப்புறையில் இருக்கிறது.

செருகுநிரல் என்பது, ஒரு பொருளைத் திருப்பித் தரும் சாதாரணச் செயற்கூறுதான். அப்பொருளில் கட்டாயம் இருக்க வேண்டியது பெயர்; பிழை நேரும்போது எந்தச் செருகுநிரலில் நேர்ந்தது என்பதைக் கருவி அப்பெயரைக் கொண்டே அறிவிக்கும். அடுத்து, 'ப்ரீ' என்ற இடக்குறிப்பும் டிரான்ஸ்ஃபார்ம் கொக்கிக்குரிய செயற்கூறும் எழுதப்படுகின்றன. இந்தச் செயற்கூறுக்குக் கருவி இரண்டு செய்திகளைத் தருகிறது: ஒன்று கோப்பின் உரை, மற்றொன்று கோப்பின் அடையாளம். அடையாளம் பெரும்பாலும் கோப்பின் முழு முகவரியாக இருந்தாலும், அதன் வாலில் கேள்விக்குறியும் சில சொற்களும் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதால், கேள்விக்குறிக்குப் பிந்தியதை நீக்கிய பிறகே அது ஜேசன் கோப்பா, தரவுக் கோப்புறையைச் சேர்ந்ததா என்று சோதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வெற்று மதிப்பைத் தந்து விலகிவிட வேண்டும். பிறர் எழுதிய தொகுப்புகள் குடியிருக்கும் கோப்புறையிலும் ஆயிரக்கணக்கான ஜேசன் கோப்புகள் இருக்கும். அவற்றைத் தொடாமல் காப்பது இந்தச் சோதனையே.

சோதனையைக் கடந்த உரையை அப்படியே என்எஃப்சி முறைக்கு உட்படுத்தினால் போதும் என்று முதலில் தோன்றக்கூடும். ஆனால் பைத்தான் மொழியில் ஆயத்தம் செய்த ஜேசன் கோப்புகளில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தமிழ் எழுத்துகள் எழுத்துகளாக இராமல், பின்சாய்கோட்டோடு தொடங்கும் பதினறும எண்களாகவே எழுதப்பட்டிருக்கும். இயல்பாக்கச் செயற்கூறின் கண்ணுக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமே. அவற்றுள் ஒளிந்திருக்கும் கொம்பையும் காலையும் அது காணாது. ஆகவே உரையை முதலில் ஜேசனாகப் பிரித்து, கிடைக்கும் மதிப்புகளுள் எழுத்துச் சரங்களாக உள்ளவற்றை மட்டும் இயல்பாக்கி, மறுபடி ஜேசன் உரையாகக் கோத்துத் திருப்பித் தருவதே முறை. அதன்பின் வரிசையில் நிற்கும் உள்ளமைந்த செருகுநிரல், நடந்தது எதையும் அறியாமல், தன் வழக்கமான வேலையைத் தொடரும்.

எழுதிய செருகுநிரலைச் செயலியின் அமைவுக் கோப்பில் பெயர் சொல்லி வரவழைத்து, செருகுநிரல்களின் பட்டியலில் சேர்த்தால் நிறுவல் முடிந்தது. உருவாக்க வேளையில் வீட் இயக்கும் வழங்கி, நிரலாளரின் கணினியிலேயே 5173 என்னும் வாயில் எண்ணில் செயலியைத் திறந்து காட்டும்; அங்கே கொரட்டூரைத் தேடி, செருகுநிரல் இருக்கும்போதும் நீக்கிய பிறகும் கிடைக்கும் விடைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு செருகுநிரலும் ஒரு கோப்பை எவ்வாறு மாற்றியது என்பதைப் படிப்படியாகக் காண, ஆண்டனி ஃபூ எழுதிய 'இன்ஸ்பெக்ட்' என்னும் செருகுநிரல் பெரிதும் உதவும்.

எச்சரிக்க வேண்டியதும் திருத்தக் கூடாததும்

தமிழ்த் தட்டச்சில் இன்னொரு பிழை பரவலாக உண்டு. 'கௌரி' என்பதில் ககரத்தோடு சேர்வது ஔகாரக் குறி. அதன் குறியெண் 3020. அக்குறியின் வலப்பாதி பார்வைக்கு ளகரத்தைப் போலவே இருப்பதால், பலர் ஒற்றைக்கொம்பும் ளகர எழுத்தும் இட்டு 'கெளரி' என்று எழுதிவிடுகின்றனர். ஔகாரக் குறியின் வலப்பாதிக்கு 3031 என்ற குறியெண்ணும், ளகரத்துக்கு 2995 என்ற குறியெண்ணும் இருப்பதால், ஒருங்குறியின் பார்வையில் இவை வெவ்வேறு எழுத்துகள்; என்எஃப்சி இதைத் தொடுவதே இல்லை. 'மெளனம்', 'வெளவால்' என்று காணப்படுபவையும் இவ்வகைப் பிழைகளே.

இதையும் செருகுநிரலே மாற்றிவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால், வெள்ளியும் தெளிவும் கெளுத்தி மீனும் சிதைந்துவிடும். அவற்றில் ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ நிற்பதால், 'ளகரத்துக்குப் பின் எக்குறியும் இல்லாதபோது மட்டும்' என்று விதியைக் குறுக்கலாம். அவ்வாறு குறுக்கிய பிறகும், 'கிளம்பு' என்பதன் பேச்சு வடிவமான 'கெளம்பு' அந்த வலையில் சிக்கும். ஒரு கதையிலோ உரையாடலிலோ அது முற்றிலும் சரியான சொல். சொல்லின் பொருளை அறியாத நிரல், இந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றது. இதற்காகவே டிரான்ஸ்ஃபார்ம் கொக்கியின் செயற்கூறுக்குக் கருவி 'வார்ன்' என்னும் வசதியைத் தந்திருக்கிறது. ஐயத்துக்குரிய சொல்லையும் அது அமைந்த புலத்தின் பெயரையும் அதன் வழியாக அறிவித்துவிட்டு, சொல்லைத் தொடாமல் விட வேண்டும். 'எரர்' என்னும் மற்றொரு வசதி கட்டுமானத்தையே நிறுத்திவிடும். ஜேசன் கோப்பே உடைந்திருப்பது போன்ற, ஐயத்துக்கு இடமில்லாத பிழைக்கு மட்டுமே அது பொருந்தும். இரு வடிவங்களும் ஒன்றே என்று தரமே சொல்லும் இடத்தில் நிரல் திருத்தலாம். மொழியறிவு வேண்டிய இடத்தில் நிரல் சுட்டிக்காட்ட, மனிதர் முடிவெடுக்க வேண்டும்.

செருகுநிரலின் எல்லைகள்

கட்டுமான வேளையில் இருக்கும் உரையை மட்டுமே செருகுநிரலால் திருத்த முடியும். பயனர் தேடல் கட்டத்தில் இடும் பெயர் அப்போது இல்லாததால், அதை உலாவியில் இயங்கும் நிரலே, ஒப்பிடுவதற்கு முன், அதே நார்மலைஸ் செயற்கூறால் இயல்பாக்க வேண்டும். தரவுப் பக்கமும் பயனர் பக்கமும் ஒரே வடிவுக்கு வந்தால்தான் தேடல் முழுமை பெறும். மேலும், வீட் அமைப்பில் 'பப்ளிக்' என்னும் கோப்புறையில் வைக்கப்படும் கோப்புகள் எந்த மாற்றத்துக்கும் உட்படாமல் அப்படியே நகலெடுக்கப்படுகின்றன. தரவுக் கோப்பை அங்கே வைத்துவிட்டு, செருகுநிரல் வேலை செய்யவில்லை என்று தேடுவது புதியவர்கள் அடிக்கடி சந்திக்கும் குழப்பம்.

மற்றோர் எல்லை பாதுகாப்பு சார்ந்தது. செருகுநிரல், அதை இயக்கும் நிரலாளரின் கணினியில் அவருக்குள்ள எல்லா உரிமைகளோடும் இயங்குகிறது. அவரால் படிக்க முடிந்த கோப்பு எதையும் அதுவும் படிக்கலாம். 2018-இல் 'ஈவென்ட் ஸ்ட்ரீம்' என்னும் பரவலான ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பின் பராமரிப்பு உரிமையைப் பெற்ற ஒருவர், பிட்காயின் பணப்பைகளைத் திருடும் நிரலை அதன் சார்புத் தொகுப்பு ஒன்றில் புகுத்தியது, இந்த நம்பிக்கை எவ்வளவு எளிதில் உடையக்கூடும் என்பதைக் காட்டியது. ஆகவே வெளியிலிருந்து பெறும் செருகுநிரல்களின் பதிப்பு எண்களைப் பூட்டுக்கோப்பில் நிலைநிறுத்தி வைப்பதும், சில வரிகளில் முடியும் வேலைக்குச் சொந்தமாக எழுதிக்கொள்வதும் நல்ல வழக்கங்கள். இங்கே விவரித்த செருகுநிரல் முப்பது வரிகளுக்குள் அடங்கிவிடும்; அதன் ஒவ்வொரு வரியையும் எழுதியவரே படித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அம்முப்பது வரிகள் ஒருமுறை பொருத்தப்பட்டுவிட்டால், அதன்பின் தரவுக் கோப்பை யார் திருத்தினாலும், எந்த விசைப்பலகையில் தட்டினாலும், கொரட்டூரின் முதல் எழுத்து 2965, 3018 என்னும் இரண்டே குறியெண்களாகத்தான் வெளியே செல்லும்.